சிறுவரும் போதைப்பொருளும்: சட்டம் யாரைக் குற்றவாளி என்கிறது?

விதைநெல் கடன் பற்றிய கூட்டமொன்று முடிந்து எல்லோரும் எழும்பிப் போன பின்பும் ஒரு தாய் மட்டும் பாயின் ஓரத்தில் இருந்தார். கடன் விடயமாகத்தான் ஏதோ கேட்கப்போகிறார் என்று நாம் நினைத்தோம். அவர் சொன்னது வேறு. 13 வயது மகன் பின்னேரங்களில் சைக்கிளில் எங்கோ போய்வருகிறான். திரும்பி வரும்போது சட்டைப்பையில் 500 ரூபாத் தாள் இருக்கிறது. அதட்டிக் கேட்டபோதுதான் விடயம் வெளியே வந்தது. சந்தியில் நிற்கும் ஓர் ‘அண்ணா’ ஒரு சிறிய பொதியைக் கொடுத்து, பஸ் நிலையத்தில் நிற்பவரிடம் சேர்த்துவிட்டு வரும்படி அனுப்புகிறாராம். பொதிக்குள் என்ன இருக்கிறதென்று பிள்ளை பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதென்று சொல்லியிருக்கிறார்கள்.

“பொலிசில் சொல்லலாம்தானே அம்மா?” என்று கேட்டோம்.

“சொன்னா முதல்ல என்ர பிள்ளையைத்தான் சுவாமி பிடிப்பாங்கள். குடுத்துவிடுறவன் பெரிய ஆள். நாங்கள் இந்த ஊருக்கு வந்திருக்கிற சனம். எங்களுக்கு ஆர் கதைப்பினம்?”

இந்தப் பயம் அந்தத் தாய் ஒருவருடையது மட்டுமல்ல. இடம்பெயர்ந்து வாழும் எத்தனையோ பெற்றோரின் வாயை அடைத்து வைத்திருப்பது இதுதான். போதைப்பொருள் வியாபாரி நம்பியிருப்பதும் இந்த வாயடைப்பைத்தான். ஆகவே, பிள்ளைகளைப் போதைப்பொருளிலிருந்தும் ஆபத்தான சூழலிலிருந்தும் காப்பதற்கு எமது நாட்டில் என்னென்ன சட்டங்கள் உள்ளன, அவை உண்மையில் யாரைக் குற்றவாளியாகக் காண்கின்றன என்பதை இவ்விதழில் எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

இடம்பெயர்ந்த பிள்ளைக்கு ஏன் கூடிய ஆபத்து?

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களும், அதே ஆண்டில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள் இடத்துக்கிடம் அலைந்தவர்களும் எமது வாசகர்களில் உள்ளனர். சிலர் காணிக்குத் திரும்பிவிட்டனர். சிலர் வேறிடத்தில் குடியேறிவிட்டனர். சிலர் இன்னும் பிறருடைய காணியில் குத்தகைக்குத் தோட்டம் செய்கின்றனர். இவர்கள் எல்லோரும் இழந்த ஒன்று உண்டு. அது காணியோடு சேர்ந்திருந்த அயல்.

சொந்த ஊரில் ஆண்டுதோறும் வேலி அடைத்தோம். வேலியில் பொட்டு விழுந்தால் பக்கத்து வீட்டுக்காரரே கூப்பிட்டுச் சொல்வார். பிள்ளை ஒன்று பள்ளிக்கூட நேரத்தில் சந்தியில் நின்றால், “நீ இன்னாற்றை பேரனல்லோ, இங்கை என்ன செய்யிறாய்?” என்று கேட்க ஆளிருந்தது. தந்தை நீர் இறைக்கும்போது பிள்ளை பாத்தி மாறும். கன்று நடும்போது கூடவே இருக்கும். பொழுதும் போனது, தொழிலும் பழகிற்று.

இன்று தந்தை கூலிக்குப் போகிறார். தாய் வெங்காயம் கட்டவோ கடலை பிடுங்கவோ போகிறார். பாடசாலை விட்டபின் பிள்ளை தனியே. அயலில் இருப்பவர் யாரென்று அவருக்குத் தெரியாது. இவரை அவருக்கும் தெரியாது. வீட்டிலே பணத் தட்டுப்பாடு. இப்படியான இடத்தைத்தான் வியாபாரி தேடி வருகிறான். கடல்வழியாக வரும் கஞ்சா வடபகுதிக் கரையோரங்களில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஹெரோயினும் ‘ஐஸ்’ எனப்படும் மெதம்பெற்றமைனும் கிராமம்வரை வந்துவிட்டன. பாடசாலைச் சீருடையில் போகும் பிள்ளையை வழியில் மறித்துச் சோதிப்பவர் குறைவு என்பதை அவன் நன்கறிவான். 

சட்டம் கடை வாசலில் தொடங்குகிறது

போதைப்பொருள் என்றதும் ஹெரோயினையும் ஐசையும் மட்டுமே நாம் நினைக்கிறோம். பிள்ளை முதலில் பழகுவது பெரும்பாலும் பெட்டிக்கடையில் வாங்கும் ஒற்றைச் சிகரெட்டோடுதான்.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையை உருவாக்கியது. இச்சட்டத்தின்படி 21 வயதுக்குக் குறைந்த எவருக்கும் புகையிலைப் பொருளையோ மதுசாரத்தையோ விற்பது குற்றமாகும். 18 அல்ல, 21 என்பதைக் கவனிக்க வேண்டும். சிகரெட்டுக்கு மட்டுமன்றி பீடிக்கும் சுருட்டுக்கும், சாராயத்துக்கு மட்டுமன்றி பியருக்கும் கள்ளுக்கும் இது பொருந்தும். இவற்றுக்கு விளம்பரம் செய்வதையும் மூடிய பொது இடங்களில் புகைபிடிப்பதையும் இதே சட்டம் தடுக்கிறது.

இங்கே நாம் எம்மையே ஒரு கேள்வி கேட்க வேண்டும். “தம்பி, ஓடிப்போய் அப்பாவுக்கு ரெண்டு சிகரெட் வாங்கிக்கொண்டு வா” என்று பிள்ளையை அனுப்பாத வீடுகள் எத்தனை? ‘அப்பாவுக்குத்தான்’ என்ற காரணத்தைச் சட்டம் ஏற்பதில்லை. வாங்க வந்த கை 21 வயதுக்குக் குறைந்ததானால் விற்றவர் குற்றம் செய்தவராகிறார். அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. எந்தக் கடையில் எதைக் கேட்க வேண்டும், எப்படி மறைத்துக் கொண்டுவர வேண்டும் என்பதைப் பிள்ளைக்கு முதலில் பழக்குபவர் நாமாகிவிடுகிறோம். பின்னர் சந்தியில் நிற்கும் அண்ணாவுக்கு வேலை இலகு.

கசிப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அனுமதிப்பத்திரமின்றி மதுசாரம் காய்ச்சுவதும் விற்பதும் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். அங்கே வயதுக் கணக்கே இல்லை. கசிப்புக் காய்ச்சும் இடத்துக்கு விறகு பொறுக்கவும் தண்ணீர் சுமக்கவும் பிள்ளைகளை அனுப்புவதை நாம் கண்டிருக்கிறோம். ‘சும்மா தண்ணிதானே அள்ளிக் குடுக்கிறான்’ என்று விட்டுவிடலாகாது.

பொதியைக் கொடுத்தனுப்புபவர்

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம்.

அபின், கஞ்சா, ஹெரோயின் முதலானவற்றை ஆளும் அடிப்படைச் சட்டம் 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டமாகும். 1984இல் இது கடுமையாக்கப்பட்டது. 2 கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் வைத்திருந்தாலும் கடத்தினாலும் மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை விதிக்கலாம் என்றாயிற்று. 2 கிராம் என்பது ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாத தூள். 2022இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் ஐஸ் போதைப்பொருளையும் இக்கடும் தண்டனைக்குள் சேர்த்தது. 1976இன் பின்னர் எமது நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. எனினும் ஆயுட்சிறை என்பது வெறும் எழுத்தல்ல.

இவ்வளவு கடுமையான சட்டம் இருப்பதனாலேயே வியாபாரி தன் கையால் பொதியைத் தொடாமல், பிள்ளையின் கையில் கொடுக்கிறான். இதைத் தடுக்கவே 1998ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தண்டனைச் சட்டக்கோவையில் 288ஆ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 18 வயதுக்குக் குறைந்த ஒரு பிள்ளையைப் போதைப்பொருள் கடத்துவதற்குத் தெரிந்துகொண்டே கூலிக்கு அமர்த்துபவர், பயன்படுத்துபவர், ஆசைகாட்டித் தூண்டுபவர், வற்புறுத்துபவர் எவராயினும் அதனாலேயே குற்றவாளியாவார். அதற்குச் சிறைத்தண்டனை உண்டு. அதாவது, பிள்ளையை அனுப்பியது தனியானதொரு குற்றம். ‘நான் கொண்டுபோகவில்லை, பெடியன்தான் கொண்டுபோனான்’ என்று அனுப்பியவர் தப்பிக்க இயலாது.

இச்சட்டத்துக்குப் பின்னால் ஓர் உலக உடன்பாடும் உண்டு. ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்று உறுதி செய்தது. அதன் 33ஆம் உறுப்புரை, போதைப்பொருள் பாவனையிலிருந்து பிள்ளையைக் காப்பதும், அவற்றின் உற்பத்தியிலும் கடத்தலிலும் பிள்ளையைப் பயன்படுத்துவதைத் தடுப்பதும் அரசின் கடமை என்கிறது.

அப்படியானால் பொதி கொண்டுபோன பிள்ளைக்கு என்ன நடக்கும்? 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்யும் எதுவும் குற்றமாகாது. அதற்கு முன்னர் இவ்வெல்லை 8 வயதாக இருந்தது. 12 வயதுக்கு மேற்பட்டு 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையாயின், தான் செய்வதன் தன்மையையும் விளைவையும் விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி அப்பிள்ளைக்கு இருந்ததா என்று பார்க்கப்பட வேண்டும். அந்தத் தாயின் மகன் இந்த வயதுக்குள் வருகிறான்.

14 வயதைக் கடந்த பிள்ளையை நீதிமன்றில் நிறுத்தவே மாட்டார்கள் என்று நாம் பொய்யாக ஆறுதல் சொல்ல விரும்பவில்லை. நிறுத்தக்கூடும். ஆனால் அங்கும் 1939ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் சில பாதுகாப்புகளைத் தருகிறது. சிறுவரை வளர்ந்த சந்தேகநபர்களோடு ஒன்றாக அடைத்து வைக்கலாகாது. வழக்கைப் பொதுமக்கள் கூடிநிற்கும் மன்றில் விசாரிக்கலாகாது. நன்னடத்தை உத்தியோகத்தர் பிள்ளையின் வீட்டுநிலையை விசாரித்து அறிக்கை தருவார்.

பிள்ளை பொதியோடு வழியில் பிடிபடுவது ஒன்று. பெற்றோர் தாமே முன்வந்து, ‘எங்கள் பிள்ளையை இன்னார் இப்படிப் பயன்படுத்துகிறார்’ என்று முறையிடுவது வேறொன்று. முதலாவதில் பிள்ளை சந்தேகநபர். இரண்டாவதில் பிள்ளை பாதிக்கப்பட்டவர், சாட்சி. வாய் திறப்பதற்கு எவ்வளவு பிந்துகிறோமோ, அவ்வளவுக்குப் பிள்ளை இரண்டாம் இடத்திலிருந்து முதலாம் இடத்துக்குத் தள்ளப்படுகிறது.

வீட்டுக்குள்ளே

ஆபத்து எப்போதும் சந்தியிலிருந்து வருவதில்லை. வீட்டிலேயே குடித்துவிட்டுப் பிள்ளையை அடிப்பவரும் உண்டு. போதைப்பொருளை வீட்டிலே வைத்து விற்பவரும் உண்டு.

1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவைக்கு 308அ என்ற பிரிவைக் கொண்டுவந்தது. 18 வயதுக்குக் குறைந்த ஒருவரைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், அவருக்கு வேதனையோ உடல்நலக்கேடோ வரத்தக்க விதத்தில் வேண்டுமென்றே தாக்கினால், துன்புறுத்தினால், கவனியாது விட்டால் அல்லது கைவிட்டால் அது சிறுவர் கொடுமை என்னும் குற்றமாகும். இதற்கு 2 முதல் 10 ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம்.

இதிலே ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லை ஊன்றிக் கவனியுங்கள். வறுமை குற்றமல்ல. தறப்பாள் கொட்டிலில் பிள்ளை வளர்வதும், ஒருநேரச் சாப்பாடு தவறிப்போவதும் பெற்றோரைக் குற்றவாளியாக்கா. ‘கஷ்டப்பட்ட வீடென்று பிள்ளையைப் பறித்துக்கொண்டு போவார்கள்’ என்று அஞ்சி உத்தியோகத்தர்களைக் கண்டால் ஒளிப்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். அது தேவையற்ற அச்சம். சமுர்த்தியோ வேறு உதவியோ கேட்கும் அதே உரிமையோடு பிள்ளைக்குப் பாதுகாப்பும் கேட்கலாம்.

மேலே சொன்ன 1939ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும்’ பிள்ளையைப் பற்றியும் பேசுகிறது. பெற்றோர் இல்லாத, அல்லது பெற்றோர் சரியாகக் கவனிக்காத காரணத்தால் தீய சகவாசத்தில் வீழ்ந்த, ஒழுக்கக்கேட்டுக்கு ஆளாகும் ஆபத்திலுள்ள பிள்ளை இதில் அடங்கும். இப்படியான பிள்ளையை நீதிமன்றத்தில் முற்படுத்தினால் உடனே இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது பலரின் எண்ணம். சட்டத்தில் வேறு வழிகளும் உண்டு. ஒழுங்காகக் கவனிப்போம் என்று பெற்றோரிடம் பிணைமுறி வாங்கலாம். நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் பிள்ளையை வீட்டிலேயே விடலாம். தகுந்த ஆளொருவரிடம் ஒப்படைக்கலாம். அவர் அம்மம்மாவாகவோ மாமாவாகவோ சித்தியாகவோ இருக்கலாம். ஆகவே நீதிமன்றம் போகும்போது பிள்ளையைப் பொறுப்பேற்கக்கூடிய உறவினர் ஒருவரைக் கையோடு அழைத்துச் செல்வது புத்தி. இல்லம் கடைசி வழியாகவே இருக்க வேண்டும்.

தோட்டத்திலும் காட்டிலும்

பிள்ளையைச் சூழும் நஞ்சு போதைப்பொருள் மட்டுமல்ல. மருந்தடிக்கும் தாங்கியைப் பிள்ளையின் முதுகில் ஏற்றுவதும், கிருமிநாசினிப் போத்தலைக் கொட்டிலில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைப்பதும் எம்மிடையே உள்ளவைதான்.

1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம் பெண்கள், இளம் ஆட்கள், சிறுவர்களின் தொழில் பற்றியது. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 14 என்றிருந்ததை 2021இல் 16 ஆக உயர்த்தினார்கள். கட்டாயக் கல்வி வயதும் 2016இலிருந்து 5 முதல் 16 வரை என உயர்ந்துள்ளது. இது தவிர, 18 வயதுக்குக் குறைந்தோர் செய்யலாகாத ஆபத்தான 51 தொழில்களின் பட்டியல் 2010இல் விதிகளாக வெளிவந்தது. பூச்சிகொல்லிகளைக் கையாளும் வேலையும் மதுசாரம் விற்கும் வேலையும் அவற்றுள் அடங்கும்.

புகையிலைத் தோட்டம் செய்வோருக்கு ஒரு வார்த்தை. பனியிலோ மழையிலோ நனைந்த பச்சைப் புகையிலையைச் சுமக்கும்போது அதிலுள்ள நிக்கொட்டின் தோலினூடாக உடம்பில் ஏறும். தலைச்சுற்று, ஓங்காளம், வாந்தி, சோர்வு ஏற்படும். சிறிய உடம்பை இது கூடுதலாகத் தாக்கும். சிகரெட்டை வாயில் வையாத பிள்ளைக்கும் தோட்டத்தில் இந்நஞ்சு ஏறலாம். இலை முறிக்கும் வேலைக்குப் பிள்ளைகளை விடாதீர்கள்.

‘சட்டம் போட்டு என்ன பயன்?’ என்று கேட்பவர்களுக்கு இத்துறையிலேயே ஒரு விடை உண்டு. 1995ஆம் ஆண்டளவில் எமது நாட்டில் ஓர் இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை நிகழ்ந்தது. அவற்றுள் மிகப்பல பூச்சிகொல்லி அருந்தியதால் வந்தவை. மிகக் கொடிய சில பூச்சிகொல்லிகள் 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் தடைசெய்யப்பட்டன. 2005ஆம் ஆண்டளவில் தற்கொலை ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. ஆபத்தான பொருள் எளிதில் கைக்கு எட்டாமற் செய்தாலே உயிர்கள் தப்பும் என்பதை இது காட்டிற்று. போதைப்பொருளுக்கும் இந்த நியாயம் பொருந்தும்.

போர் நடந்த நிலங்களில் வாழ்வோர் மறக்கலாகாத இன்னொன்று மிதிவெடி. இலங்கை 2017இல் மிதிவெடித் தடை உடன்பாட்டில் இணைந்தது. 2022இல் அதற்கெனத் தனிச்சட்டமும் இயற்றியது. கண்ணிவெடி அகற்றும் வேலை பல்லாண்டுகளாக நடந்துவருகிறது. எனினும் பழைய இரும்பு பொறுக்கப் பிள்ளைகளைப் பற்றைக்காட்டுக்குள் அனுப்ப வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்ல வேண்டும்.

யாரிடம் சொல்வது? எப்படிச் சொல்வது?

1. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதன் தொலைபேசி இலக்கம் 1929. எந்தத் தொலைபேசியிலிருந்தும் பேசலாம்.

2. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பொலிசுக்குப் போக அஞ்சுவோர் முதலில் இவரிடம் போகலாம். நன்னடத்தை உத்தியோகத்தரோடும் இவர் தொடர்பு ஏற்படுத்தித் தருவார்.

3. பொலிஸ் நிலையத்திலுள்ள சிறுவர் மகளிர் பிரிவில் முறைப்பாடு செய்யலாம். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

4. கடையில் சிறுவருக்குச் சிகரெட்டோ மதுசாரமோ விற்றால் பொலிசுக்கு மட்டுமன்றி, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் மதுவரி உத்தியோகத்தருக்கும் அறிவிக்கலாம். நடவடிக்கை எடுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

முறைப்பாட்டைத் தமிழில் எழுதுங்கள். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பு தந்திருக்கிறது. விளங்காத மொழியில் எழுதிய தாளில், வாசித்து விளக்கம் கேட்காமல் ஒப்பமிடாதீர்கள். கேள்விப்பட்டதை ஒருபுறமும் கண்ணால் கண்டதை மறுபுறமுமாகப் பிரித்துச் சொல்லுங்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், யார் அனுப்பினார், எவ்வளவு பணம் கொடுத்தார் என்ற விபரங்கள் போதும். கோபத்தில் கூட்டிச் சொன்னால் முறைப்பாடு நலிந்துவிடும்.

பொதி வீட்டில் அகப்பட்டால் அதை ஒளித்துவைக்க வேண்டாம். கிணற்றிலோ பற்றையிலோ எறிய வேண்டாம். கொடுத்தவரிடம் திருப்பிக் கொண்டுபோகவும் வேண்டாம். வைத்திருப்பதே குற்றமான பொருள் அது. நம்பிக்கையான ஒருவரை, அதிபரையோ சட்டத்தரணியையோ கூட்டிக்கொண்டு அன்றே அறிவியுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவும்.

சாட்சி சொல்பவரை மிரட்டுவதும் ஒரு குற்றமே. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் காப்பதற்கு 2015இல் ஒரு சட்டம் வந்தது; 2023இல் அதனிடத்தில் புதிய சட்டமொன்று இயற்றப்பட்டது. மிரட்டல் வந்தால் அதையும் தனி முறைப்பாடாகப் பதியுங்கள். வியாபாரியோடு நேரே சண்டைக்குப் போகாதீர்கள்.

பிள்ளை ஏற்கெனவே பழகிவிட்டால்?

உறக்கமின்மை, திடீர்க் கோபம், உடம்பு மெலிதல், பழைய நண்பரை விடுதல், வீட்டில் பணமும் பொருளும் காணாமற் போதல், பாடசாலைக்கு ஒளித்தல் ஆகியன ஒன்றாகக் காணப்பட்டால் கவனியுங்கள். ஒன்றிரண்டைக் கண்டதும் பிள்ளையைக் குற்றஞ்சாட்டிவிடவும் வேண்டாம். போரையும் இடப்பெயர்வையும் கண்ட வீடுகளில் மனவருத்தமும் இப்படியே காட்டும்.

அடிப்பதும் கட்டிவைப்பதும் வைத்தியமல்ல. இது நோய். அரச வைத்தியசாலையிலுள்ள மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 1984இல் அமைக்கப்பட்ட தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை ஆலோசனையும் சிகிச்சையும் வழங்குகிறது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமையானோரின் சிகிச்சை, புனர்வாழ்வு பற்றியது. ஒருவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெறுவதற்கு அதில் இடமுண்டு. நீதிமன்றம் கட்டளையிடும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

முடிவாக

அந்தத் தாயின் கதையை அடையாளங்களை மாற்றியே எழுதினோம். அவருடைய சம்மதத்தோடு சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் போனோம். தாய் சொல்லச் சொல்ல அவர் தமிழில் எழுதினார். பையன் இப்போது வேறூரில் தாய்மாமன் வீட்டிலிருந்து பாடசாலை போகிறான். நன்னடத்தை உத்தியோகத்தர் மாதமொரு முறை வந்து பார்க்கிறார். அவனை எவரும் கூட்டில் ஏற்றவில்லை.

சந்தியில் நின்ற அண்ணா சில நாள் காணாமற்போய் மீண்டும் வந்துவிட்டார். அவர்மீதான முறைப்பாடு என்னவாயிற்று என்று நாம் கேட்டபடியே இருக்கிறோம். ஒவ்வொரு முறையும் ‘விசாரணை நடக்கிறது’ என்றே பதில் கிடைக்கிறது. சட்டம் எழுத்தில் உள்ளதற்கும் நடப்பதற்கும் இடையில் இவ்வளவு தூரமுண்டு என்பதை மறைத்து எழுத நாம் விரும்பவில்லை. ஆனால் ஒரு வீட்டின் முறைப்பாட்டைக் கோப்புக்குள் வைத்து மூடிவிடலாம். பத்து வீடுகள் ஒரே தாளில் ஒப்பமிட்ட முறைப்பாட்டை அவ்வாறு மூடுவது கடினம். அன்று பாயில் தனியே இருந்த அந்தத் தாயோடு அடுத்த கூட்டத்தில் இன்னும் மூன்று தாய்மார் தங்கியிருந்தனர். அவர்களுடைய பிள்ளைகளும் அதே சந்தியால்தான் பாடசாலைக்குப் போய்வருகின்றனர்.

உங்கள் குடியிருப்பில் கமக்காரர் அமைப்போ மாதர் சங்கமோ கூடும்போது அரைமணி நேரத்தை இதற்கென ஒதுக்குங்கள். பின்னேரத்தில் பெற்றோர் வேலையிலிருக்கும் வீடுகள் எவை, அப்பிள்ளைகளைப் பார்க்கக்கூடியவர் யார், எந்தக் கடை சிறுவருக்குச் சிகரெட் விற்கிறது என்று பேசித் தீர்மானியுங்கள். வாசிக்கத் தெரியாத அயலவருக்கு இக்கட்டுரையை வாசித்துக் காட்டுங்கள். 1929 என்ற இலக்கத்தைப் பொதுக்கிணற்றடியிலும் வாசிகசாலைச் சுவரிலும் பெரிதாக எழுதிவையுங்கள், பிள்ளைகளும் வாசிக்கட்டும்.